பாலக்கோட்டில் ஒட்டிக்கொண்ட லாரி

பழுத்து வெடித்த தக்காளியின் புளிப்பும், டீசலும், வெயிலில் காய்ந்த ரெக்சின் சீட்டும் கலந்து கிடக்கும் அப்பாவின் டெம்போ முன்பக்கத்தில், அன்றைக்குப் புதிதாக ஒரு வாசனை வந்து உட்கார்ந்திருந்தது. புத்தம்புது பிளாஸ்டிக்கின் வாசனை. என் மடியில் இருந்த டப்பாவிலிருந்து அது வந்தது. பலகாரப் பொட்டலத்துக்குச் சுற்றுவது போன்ற மெல்லிய கண்ணாடித்தாள் சுற்றிய டப்பா. மேலே ஒரு சிவப்பு லாரி மலைச்சரிவில் வளைந்து இறங்குகிற படம். மூலையில் திருப்பித் திருப்பிப் பார்த்தால் நிறம் மாறுகிற ஒரு சின்ன வில்லை. அந்த வில்லையை நகத்தால் சுரண்டப் போன என் கையைத் தட்டிவிட்டு மலர் அக்கா சொன்னாள்: "அதுதாண்டி ஒரிஜினலுக்கு அடையாளம். கிழிச்சே, உன்னக் கொன்னே போடுவேன்."

ஏதோ ராஜா காலத்துக் கதை என்று நினைத்துவிடாதீர்கள். நான் எட்டாம் வகுப்பு முடித்திருந்த கோடை விடுமுறை, அவ்வளவுதான். எங்கள் ஊர் காரிமங்கலத்துக்கும் பாலக்கோட்டுக்கும் நடுவில், டிரைவருக்கு மனசு வந்தால் மட்டும் பஸ் நிற்கிற ஊர். அங்கே கம்ப்யூட்டர் விளையாட்டை யாரும் 'வாங்க' மாட்டார்கள், 'ஏத்திக்குவார்கள்'. பாலக்கோடு பஸ் ஸ்டாண்டு எதிரே ஒரு மாடியில் 'பிரவுசிங் சென்டர்' வைத்திருந்த செல்வம் அண்ணனிடம் பென் டிரைவை நீட்டினால், ஜாதிச் சான்றிதழுக்கு விண்ணப்பம் போடுகிற அதே கையால் ஒரு கார்ப் பந்தயத்தையோ துப்பாக்கிச் சண்டையையோ ஏற்றித் தந்துவிடுவார். அதை நிறுவும்போது, விளையாட்டைத் திறக்கிற கள்ளச் சாவி எண்ணைத் தயாரிக்கும் ஒரு குட்டி ஜன்னல் திறந்து, 'டொய்ங் டொய்ங்' என்று ஒரு இசை வரும். விளையாட்டைவிட எனக்கு அந்த இசைதான் பிடிக்கும். சில சமயம் பாதிப் படங்கள் இருக்காது, பேச்சுக்குரல் இருக்காது, சில சமயம் கூடவே ஏதோ நோய் வந்து பென் டிரைவில் இருக்கிற எல்லாவற்றையும் 'ஷார்ட்கட்' ஆக்கிவிட்டுப் போகும். ஆனால் ஒன்று, அது எங்களை ஒரு கேள்வியும் கேட்காது. விளையாட்டு என்பது கடையில் டப்பாவில் போட்டு விற்கிற சாமான் என்று நான் சொன்னபோது என் வகுப்புத் தோழி நம்பவே இல்லை. "அதையெல்லாம் எவளாச்சும் வாங்குவாளா? கம்ப்யூட்டரோடவே வர்றதுதான அது?" என்றாள்.

அப்படிப்பட்ட ஊரில் அப்பா ஒரிஜினல் வாங்கினார் என்றால் அதற்கு ஒரு காரணம் இருந்தது. அவர் சுற்றுவட்டார ஊர்களிலிருந்து தக்காளி அடுக்கிய பிளாஸ்டிக் 'கிரேட்'களை ஏற்றிக்கொண்டுபோய் பாலக்கோடு மண்டியில் இறக்குகிற டெம்போக்காரர். எப்போதாவது சேலம் வரைக்கும் லோடு கிடைக்கும். அப்படிப் போன ஒரு தடவை, தொப்பூர் இறக்கத்தில் பிரேக் காலோடு உள்ளே போய்விட்டது. ஓரத்து மண்மேட்டில் ஏற்றி வண்டியை நிறுத்திவிட்டு, இறங்கி வந்து பார்த்தால், அதற்கு முன்மாதம் மாற்றியிருந்த பிரேக் சாமான் டூப்ளிகேட். கம்பெனிப் பெயரில் ஒரு எழுத்தை மட்டும் மாற்றி, அதே பச்சை அட்டைப்பெட்டியில் போட்டு விற்றிருந்தார்கள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் 'டூப்ளிகேட்' என்பது கெட்ட வார்த்தை. ஒரு போல்ட் வாங்கினாலும் அப்பா பில் கேட்பார். பில் இல்லை என்றால் போல்ட்டை மேசையிலேயே வைத்துவிட்டு வந்துவிடுவார். "ஒரிஜினல்னா மாட்டுனதும் கம்முனு ஒக்காந்துக்கும். மல்லுக்கட்டாது" என்பது அவர் அடிக்கடி சொல்கிற வாக்கியம்.

மலர் அக்காவுக்கு உண்மையில் வேண்டியிருந்தது விளையாட்டு அல்ல, டெம்போ. சின்ன வயதிலிருந்து அப்பாவுக்கு இடப்பக்கம் உட்கார்ந்து, அவர் கியர் மாற்றும்போது இவள் கையும் காற்றில் மாற்றும். கிளட்ச் மிதிக்கும்போது இவள் காலும் தரையை அழுத்தும். ஓட்டக் கற்றுக்கொடுங்கள் என்று அவள் கேட்காத லீவு கிடையாது. அப்பா ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு காரணம் சொல்வார்: ஸ்டீயரிங் கனம், கிளட்ச் எட்டாது, மண்டியில் சிரிப்பார்கள். உண்மைக் காரணம் தொப்பூர் என்று அம்மாவுக்குத் தெரியும், எனக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும். பிளஸ் டூவில் அவள் பள்ளியிலேயே முதலாவதாக வந்து, கோயம்புத்தூரில் நர்சிங் படிக்க இடமும் கிடைத்ததும், "என்னா வேணும் கேளு மலரு" என்று அப்பா வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். "டெம்போ சாவி" என்றாள். அப்பா துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, ஒரு சமரசத்துக்கு வந்தார். அரசாங்கம் கொடுத்த லேப்டாப் ஒன்று பள்ளியிலிருந்து வந்திருந்தது. அதில் போட்டு லாரி ஓட்டுகிற விளையாட்டு ஒன்று இருக்கிறதாமே, அதை வாங்கித் தருகிறேன், ஆனால் ஒரிஜினல்தான் வாங்குவேன்.

அக்கா ஒப்புக்கொண்டாள். அந்த விளையாட்டில் ஒரு கற்பனை நாடு உண்டு. வடகோடித் துறைமுகத்தில் சரக்கு ஏற்றி, ஊர் ஊராக இறக்கி ஏற்றி, கடைசியில் தென்கோடி மலையூர் வரை போகவேண்டும். காலேஜ் திறப்பதற்குள் அந்த மலையூருக்குப் போய்ச் சேர்ந்துவிடுவது என்று அவள் முடிவுகட்டியிருந்தாள். விடுதிக்குப் போய்விட்டால் லேப்டாப் படிப்புக்கு மட்டும்தான் என்பது அம்மாவின் சட்டம். ஆகவே அந்தக் கோடையின் மிச்சம்தான் அவளுக்கு இருந்த ஒரே சாலை.

தருமபுரிக் கம்ப்யூட்டர் கடைக்காரர் அலமாரியின் உச்சியிலிருந்து டப்பாவை எடுத்து, தூசு தட்டி, இதையும் ஒருத்தர் கேட்கிறாரே என்பதுபோல் அப்பாவை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். பில்லும் கொடுத்தார். வீட்டுக்கு வந்து கண்ணாடித்தாளைக் கிழித்தது அக்கா. கிழிபடும் அந்தச் சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள்கூட வந்துவிட்டார்கள். டிஸ்க்கைப் போட்டோம். டப்பாவுக்குள் அச்சடித்திருந்த நீளமான சாவி எண்ணை நான் படிக்கப் படிக்க அக்கா தட்டினாள். கடைசியில் திரையில் ஒரு கட்டம் வந்தது: இணையத்தில் இணைத்து, ஒரே ஒரு முறை பதிவுசெய்யவும்.

எங்கள் வீட்டில் இணையம் இல்லை. அப்பாவின் போன், பேச மட்டுமே தெரிந்த போன்.

"அவ்வளவுதான? ஆன்லைன்ல பதியணும். செல்வத்துக்கிட்ட போனா முடிஞ்சிது" என்றார் அப்பா.

இங்கேதான் நாங்கள் செய்த தவறு இருக்கிறது. இன்றைக்கு யோசித்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வீட்டில் ஒருத்தருக்கும், துடுக்காகப் பேசி எல்லாம் தெரிந்ததுபோல் திரிகிற எனக்கும்கூட, அது தவறாகத் தோன்றவே இல்லை. லேப்டாப்பை வீட்டிலேயே வைத்துவிட்டு, டிஸ்க்கையும் டப்பாவையும் பில்லையும் மட்டும் எடுத்துக்கொண்டு பாலக்கோடு போனோம். ஏனென்றால் எங்களுக்குத் தெரிந்த ஆன்லைன் அதுதான். வருமானச் சான்றுக்கும், பட்டாவுக்கும், பரீட்சை முடிவுக்கும் காகிதத்தைத்தான் எடுத்துப் போவோம். அங்கே பதிந்தால் எல்லா இடத்திலும் பதிந்த மாதிரி. எதற்கும் இருக்கட்டும் என்று அம்மா ரேஷன் கார்டு ஜெராக்ஸும் அக்காவின் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவும் ஒரு கவரில் போட்டுக் கொடுத்தார்.

செல்வம் அண்ணன் போட்டோவைப் பார்த்து, "இதென்னாங்க மாமா, கேமுக்குப் பொண்ணு பாக்கறாங்களா?" என்று சிரித்தாலும், அவரும் அதே ஊர்க்காரர்தானே, அவருக்கும் உறைக்கவில்லை. தன் கம்ப்யூட்டரில் டிஸ்க்கைப் போட்டு, டப்பாவில் இருந்த சாவி எண்ணைத் தட்டினார். பக்கம் பக்கமாக ஆங்கிலம் ஓடியது. கீழே 'ஒத்துக்கொள்கிறேன்' என்கிற மாதிரி ஒரு பொத்தான். வேறெந்த விண்ணப்பத்துக்கும் அழுத்துகிற மாதிரி அதையும் அழுத்தினார். பதிவு வெற்றி என்று வந்தது. பின்னாலேயே சிவப்பு லாரி திரையில் உறுமிக்கொண்டு நின்றது. அக்கா கைதட்டினாள். வழக்கம்போல் அந்த வெற்றிப் பக்கத்தை 'பிரின்ட் அவுட்' எடுத்து அப்பா கையில் கொடுத்தார் செல்வம் அண்ணன். அதைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு, வேலை முடிந்தது என்று வீடு திரும்பினோம்.

வீட்டு லேப்டாப் மறுபடி அதே கட்டத்தைத்தான் காட்டியது. அப்பா மடித்த காகிதத்தைப் பிரித்து லேப்டாப்பின் முகத்துக்கு நேரே காட்டினார். நான் இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை, சத்தியமாகக் காட்டினார்.

மறுநாள் லேப்டாப்பையே தூக்கிக்கொண்டு போனோம். செல்வம் அண்ணன் இணைய ஒயரை அதில் செருகிப் பதிவுசெய்யப் பார்த்தார். திரை சொன்னது இதுதான்: இந்தச் சாவி ஏற்கெனவே வேறொரு கணினியில் பதிவாகிவிட்டது. ஒரு சாவிக்கு ஒரு கணினி. செல்வம் அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டு, ஜன்னலோரம் இருந்த தன் கம்ப்யூட்டரைத் திரும்பிப் பார்த்தார். எங்கள் லாரி அதில் ஒட்டிக்கொண்டுவிட்டது.

"அங்க இருந்து எடுத்து இங்க போட முடியாதா?" என்றாள் அக்கா.

"அதுக்கு வழியே வெக்கல மலரு. ஒரு தடவை போட்டா போட்டதுதானாம்."

"அது எப்புட்றா?" என்றார் அப்பா. "எங்கூட்டு டயரை ஒரு வண்டில இருந்து கழட்டி இன்னொரு வண்டிக்கு மாட்டுனா, டயர் கம்பெனிக்காரனா வந்து கையப் புடிப்பான்?"

"அதுல எழுதியிருக்குது மாமா. ஒத்துக்கறேன்னு அமுத்துனோமில்ல?"

"யார்ரா ஒத்துக்கிட்டது?"

"நான்தான்" என்றார் செல்வம் அண்ணன், குரல் இறங்கி.

அப்பா சுற்றியிருந்தவர்களையும் சேர்த்து நியாயம் கேட்டார்: "காசு குடுத்தது நானு. ஓட்டப்போறது எம்பொண்ணு. ஒத்துக்கிட்டது செல்வம். இதுல எவன் பேர்ல சட்டம் செல்லும், சொல்லுங்க பாக்கலாம்?" ஹால் டிக்கெட் பிரின்ட் எடுக்க வந்திருந்த ஒருவர் ரொம்பப் பொறுப்பாக யோசித்து, "செல்வம் பேர்லதாங்க" என்றார். அந்தக் கூட்டத்தில் அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

அதற்கப்புறம் அப்பா தன் முழு நம்பிக்கையையும் பில்லின் மேல் வைத்தார். தருமபுரிக் கடைக்குப் போய், சாமான் வேலை செய்யவில்லை, மாற்றிக் கொடுங்கள் என்றார். கடைக்காரர் டப்பாவைத் தொடக்கூட இல்லை. "சீல் ஒடச்சதைத் திருப்பி எடுக்க மாட்டோங்க." "ஒடைக்காம வேலை செய்யுதா இல்லியான்னு எப்படிங்க பாக்கறது?" "அது கம்பெனி ரூல்ஸுங்க." பிரேக் சாமானுக்கு இதே மாதிரி ஒரு பில்லைக் காட்டித்தான் ஒருமுறை அப்பா சண்டை போட்டு ஜெயித்திருந்தார், அங்கே தவறு செய்தவன் டூப்ளிகேட் விற்றவன், நியாயம் யார் பக்கம் என்று எல்லாருக்கும் தெரிந்தது. இங்கே சாமான் நல்ல சாமான், பில் நல்ல பில், கடைக்காரரும் ஒன்றும் ஏமாற்றவில்லை. யாரைப் பிடித்துச் சட்டையை உலுக்குவது என்று தெரியாமல் அப்பா திரும்பி வந்தார்.

செல்வம் அண்ணன் தன் பங்குக்கு கம்பெனிக்கு ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதினார். பில்லையும் டப்பாவையும் படம் எடுத்து அனுப்பினோம். பதில் வந்தது, 'அன்புள்ள செல்வம்' என்று ஆரம்பித்தது. எங்கள் தயாரிப்பு தங்கள் கணினியில் சரியாகப் பதிவாகி இயங்கிக்கொண்டிருப்பது குறித்து மகிழ்ச்சி என்று எழுதியிருந்தார்கள்.

"கம்ப்யூட்டர் பொட்டியவே தூக்கிட்டுப் போயிட்டு, காலேஜ் தொறக்கறப்பத் திருப்பிக் குடுத்துடறேன்டா" என்று அப்பா கெஞ்சிக்கூடப் பார்த்தார். "கவுன்சிலிங் நேரம் மாமா. ஃபாரமெல்லாம் எதுல போடுவேன்?" என்றார் செல்வம் அண்ணன். அதுவும் நியாயம்தான். வேண்டுமானால் மலரு இங்கேயே வந்து விளையாடட்டும் என்றார். பிரவுசிங் சென்டரில் ஒரு பெண் உட்கார்ந்து விளையாடுவது அப்போது பாலக்கோட்டில் நடக்கிற காரியமில்லை. ஆனாலும் லோடு இறக்கிய ஒரு மத்தியானம் அப்பா அக்காவை அழைத்துப்போய் அந்த ஜன்னலோரக் கம்ப்யூட்டரில் உட்காரவைத்து, பின்னால் ஒரு ஸ்டூலைப் போட்டுக் காவல்போல் தானும் உட்கார்ந்துகொண்டார். நான் அவருக்கும் பின்னால்.

அக்கா ஓட்டினாள். முதல் ஐந்து நிமிடம் அப்பா கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். அதற்குமேல் முடியவில்லை. "ஏத்தத்துல ரெண்டாவது போடு... எதுத்தாப்புல லைட்டுக்காரன் வர்றான் பாரு, ஒதுங்கு... ஆரன் அடி மலரு, ஆரன் இல்லியா அதுல?" விண்ணப்பம் போட வந்தவர்கள் வரிசையை விட்டுவிட்டு வந்து பின்னால் நின்றார்கள். "என்னாங்க டெம்போக்காரரே, லாரி வாங்கிட்டீங்களாட்டம் இருக்குது" என்றார் மண்டித் தரகர் ஒருவர். "வாங்கிட்டங்க. பார்க்கிங்தான் இங்க" என்றார் அப்பா. அப்போது மலைச்சரிவு வந்தது. அக்கா இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்து, பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விட்டு, எதிரே வந்த பஸ்ஸுக்கு வழி கொடுத்து இறக்கினாள். ஸ்டூலில் இருந்தபடியே அப்பாவின் வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

ஆனால் வரிசை வளர்ந்துகொண்டே போனது. ஒரு பையனுக்கு விண்ணப்பம் போட அன்றுதான் கடைசி நாள், அவனுடைய அம்மா படியிலேயே அழுதுகொண்டு நின்றாள். அக்கா தானாகவே எழுந்துவிட்டாள். மறுபடி அங்கே போகவும் மறுத்துவிட்டாள்.

செல்வம் அண்ணனுக்கு மனசு கேட்கவில்லை. என் பென் டிரைவை வாங்கி எதையோ ஏற்றிக் கொடுத்தார். "அதே கேம்தான். இதுக்குச் சாவியே கெடையாது. போட்டா ஓடும்."

அன்று சாயங்காலம் வீட்டில் நடந்த விவாதம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் அதற்கு இன்றுவரை எனக்கு முழு விடை தெரியாது. பால்வாடியில் டீச்சராக இருந்த அம்மா தெளிவாகச் சொன்னார்: "ஏங்க, வூட்டுச் சாவி தொலஞ்சிட்டா ஆளக் கூப்புட்டுப் பூட்ட ஒடைக்க மாட்டமா? வூடு நம்மளுது. அதுக்குப் பேரு திருட்டா?" அப்பா சொன்னார்: "எவன் செஞ்சான்னே தெரியாத சாமான். உள்ள என்னா வெச்சிருக்கான்னு யாருக்குத் தெரியும்? இன்னிக்கு ஓடும். எறக்கத்துல வுட்டுடும்." நான் அம்மா கட்சி. அக்கா எந்தக் கட்சியும் சேரவில்லை. காலேஜ் திறக்க அதிக நாள் இல்லை. பென் டிரைவைச் செருகினாள்.

போட்டதும் ஓடியது. பதிவு கேட்கவில்லை, சாவி கேட்கவில்லை, யாரையும் ஒத்துக்கொள்ளச் சொல்லவில்லை. அப்பா ஒரிஜினலைப் பற்றிச் சொல்வாரே, மல்லுக்கட்டாமல் கம்முனு உட்கார்ந்துகொள்ளும் என்று, அதை அப்படியே செய்தது அந்தத் திருட்டுப் பிரதிதான். அக்கா துறைமுகத்திலிருந்து புறப்பட்டு இரண்டு ஊர் தாண்டியிருப்பாள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு உள்ளே வந்த அப்பா, பின்னால் வந்து நின்று கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நல்லா ஓடுது."

"ம்."

"இது நம்மளுதா, செல்வத்துதா?"

அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "செல்வம் அண்ணன் குடுத்ததுப்பா."

அப்பா அலமாரியில் இருந்த ஒரிஜினல் டப்பாவை ஒரு தடவை பார்த்தார். கோபப்படவில்லை, திட்டவில்லை. அப்படித் திட்டியிருந்தால்கூட எங்களுக்கு லேசாக இருந்திருக்கும். மகள் முதல் மார்க் வாங்கியதற்குத் தான் வாங்கித் தந்த பரிசு அலமாரியில் சும்மா இருக்க, எவனோ இலவசமாகக் கொடுத்ததில் அவள் விளையாடிக்கொண்டிருக்கிறாள். அதில் அவளுடைய தவறும் இல்லை, தன்னுடைய தவறும் இல்லை. வெளியே போய் டெம்போவின் மேல் சாய்ந்து நின்றுகொண்டார். அக்கா லாரியை அந்த விளையாட்டுச் சாலையின் ஓரத்தில் நிறுத்தினாள். இன்ஜினை அணைத்தாள். லேப்டாப்பை மூடினாள்.

மறுநாள் விடிந்ததும் லோடுக்குப் போகவேண்டிய அப்பா போகவில்லை. "மலரு, வா" என்றார். ஏன் எதற்கு என்று சொல்லவில்லை. நான் கேட்காமலே பின்னால் காலிக் கிரேட்டுகளுக்கு நடுவில் ஏறிக்கொண்டேன். ஊர் ஏரி அந்த வருடம் வறண்டு கிடந்தது. கரையைச் சுற்றிக்கொண்டு உள்ளே இறக்கி, நடு ஏரியில் வண்டியை நிறுத்தினார். வெடித்துக் காய்ந்த மண், தூரத்தில் நாலைந்து வேலமரம், இடித்துக்கொள்ள வேறொன்றும் இல்லை. இறங்கினார். சாவி வண்டியிலேயே இருந்தது.

"இது எம்பேர்ல இருக்குது. ஆர்.சி. புக்கு வூட்ல இருக்குது" என்றார். "எவனையும் கேக்க வேணாம். ஓட்டு."

அக்கா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். "நெசமாவாப்பா?"

"பொழுது ஏறுது. எனக்கு லோடு கெடக்குது."

கூட உட்கார்ந்து சொல்லித் தருவார் என்று நினைத்தேன். அவர் நடந்துபோய்க் கரைமேல் ஏறி நின்றுகொண்டார். அக்கா நகர்ந்து ஸ்டீயரிங்குக்கு வந்தாள். முதல் தடவை வண்டி குலுங்கி அணைந்தது, பின்னால் நான் கிரேட்டோடு கிரேட்டாக உருண்டேன். இரண்டாம் தடவையும் அணைந்தது. "அடியே, நான் உசுரோட இருக்கேன், மெதுவா!" என்று கத்தினேன். மூன்றாவதாக வண்டி நகர்ந்தது. காற்றில் மாற்றிப் பழகியிருந்த கியரெல்லாம் அவள் கைக்குத் தெரிந்திருந்தது. ஏரியை ஒரு சுற்று, அப்புறம் பெரிதாக இன்னொரு சுற்று. புழுதி எழுந்து கரையை மறைத்தது. புழுதி விலகும்போதெல்லாம் அப்பா அங்கேயே நின்றுகொண்டிருந்தார். கடைசியில் அவள் வண்டியைக் கொண்டுவந்து அவர் நின்ற கரையடியில், குலுக்கல் இல்லாமல் நிறுத்தினாள். அப்பா இறங்கி வந்து குனிந்து முன்டயரைப் பார்த்தார், அதில் பார்க்க ஒன்றும் இல்லை. "பிரேக் நல்லா புடிக்குது" என்றார். அவ்வளவுதான் சொன்னார். காலேஜ் திறக்கும்வரை தினம் காலையில் ஏரிக்குப் போனோம். கற்பனை நாட்டின் தென்கோடி மலையூருக்கு அக்கா போய்ச் சேரவே இல்லை. அதைப் பற்றி அவள் பிறகு பேசியதும் இல்லை.

இப்போது நான் ஓசூரில், மென்பொருள் சோதிக்கிற வேலையில் இருக்கிறேன். யாரோ எங்கோ ஒரிஜினல் வாங்குவதால்தான் எனக்குச் சம்பளம் வருகிறது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு விளையாட்டுக்குப் பின்னால் எத்தனை பேருடைய தூக்கம் போகிறது என்பதையும் அருகில் இருந்து பார்த்திருக்கிறேன். ஆகவே பென் டிரைவ் காலமே மேல் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் பூட்டைச் செய்தவர்கள் திருடனை நினைத்துச் செய்தார்கள். அந்தப் பூட்டு திருடனை ஒருநாளும் தடுக்கவில்லை, பில்லோடு வந்த என் அப்பாவைத்தான் வாசலில் நிறுத்தியது. போன வருடம் சும்மா தேடிப் பார்த்தேன். அந்த விளையாட்டைச் செய்த கம்பெனி பதிவுசெய்கிற சேவையையே நிறுத்திவிட்டது. எங்கள் டிஸ்க் இனி புதிதாக எந்தக் கணினியிலும், செல்வம் அண்ணனுடையதிலும்கூட, ஓடாது. சாவி கேட்காத அந்தப் பிரதியை மட்டும் யாரோ முகம் தெரியாதவர்கள் இன்றைய கணினிகளுக்கு ஏற்ற மாதிரி பழுதுபார்த்து, இன்னமும் உயிரோடு வைத்திருக்கிறார்கள்.

பிரவுசிங் சென்டர் போய், அந்த மாடியில் இப்போது செல்போன் பழுதுபார்க்கிற கடை. டப்பா போயிற்று, கண்ணாடித்தாள் போயிற்று, டிஸ்க் போடுகிற இடமே கணினிகளில் இல்லாமல் போயிற்று. தோழிக்கு ஒரு வாரம் இரவல் கொடுப்பதும், சலித்துவிட்டால் பாதி விலைக்குத் தள்ளிவிடுவதும் போயிற்று. என் கணக்கில் வரிசையாக எத்தனையோ விளையாட்டுகள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் பணம் கட்டியிருக்கிறேன், எல்லாவற்றுக்கும் நானே ஒத்துக்கொண்டிருக்கிறேன், இப்போதெல்லாம் அந்த ஆங்கிலத்தைக் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டு ஒத்துக்கொள்கிறேன். நீங்கள் வாங்குவது பொருளை அல்ல, பயன்படுத்தும் அனுமதியை, அதையும் நாங்கள் எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம் என்று நல்ல தெளிவாகத்தான் எழுதியிருக்கிறார்கள். போன மாதம் அந்த வரிசையிலிருந்து ஒன்று காணாமல் போனது. வருந்துகிறோம் என்று ஒரு மின்னஞ்சல் வந்தது.

அப்பா இன்னும் மண்டிக்கு லோடு அடிக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை போனில், "லீவுல என்னா பண்ணிட்டு இருக்கற?" என்று கேட்டார். புதிதாக ஒரு லாரி விளையாட்டு வாங்கியிருக்கிறேன், மலைச்சாலையெல்லாம் நிஜம் மாதிரியே இருக்கிறது என்று சொன்னேன்.

"அப்ப வூட்டுக்கு வர்றப்ப எடுத்துட்டு வா. மலரும் லீவுல வர்றா. பாக்கலாம்."

"எடுத்துட்டு வர முடியாதுப்பா. கையில குடுக்கற மாதிரி ஒன்னும் இல்ல. எங் கணக்குல, நல்ல நெட்டு இருக்கற எடத்துலதான் ஓடும்."

"பின்ன, சாமான் எங்க இருக்குது?"

"கம்பெனிக்காரங்ககிட்டயேதாம்ப்பா இருக்குது."

"காசு நீதான குடுத்த?"

"நான்தான் குடுத்தேன்."

அப்பாவுக்குப் பின்னால் யாரோ கிரேட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் போடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"சரி பாப்பா" என்றார். "நீயாச்சும் வந்து சேரு."